கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள்?

2025 அக்டோபர் 1, புதன்கிழமை. புரோத்ராபூரில் மாலை மணி ஐந்தேகால். அவ்வளவுதான், வெளிச்சம் போயாச்சு. கடிகாரத்தை ஓட்டுவது டெல்லி, சூரியனை ஓட்டுவது எங்கள் கடல். அதனால் அந்தமானில் சூரியன் அரசாங்க ஊழியருக்கு முன்னாலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடும். தெருவெல்லாம் ஆயுத பூஜை. ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டியாச்சு, ஸ்கூட்டருக்குச் சந்தனம் வைத்தாச்சு, தையல் மெஷினுக்கும் மாலை போட்டாச்சு. பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமத்தையும் சில்லறையையும் உள்ளே தள்ளி, மேலே கற்பூரம் ஏற்றி, ஆட்டோவை மூன்று சுற்று சுற்றி... படார்!

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டார். ஏப்ரலிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. அந்தக் கதை அப்புறம்.

ஏனென்றால் அதே மாலையில், மும்பையிலும் தானேயிலும் வேறொரு கூட்டம் கதவைச் சாத்தத் தயாராகிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அன்று இரவு யோம் கிப்பூர் தொடக்கம். யூதர்களின் ஆண்டிலேயே புனிதமான நாள். தமிழ் பைபிள் படித்தவர்களுக்குப் ‘பாவநிவிர்த்தி நாள்’ என்றால் சட்டென்று புரியும். சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, குளியல் கிடையாது, எண்ணெய் கிடையாது, தோல் செருப்பு கிடையாது, தாம்பத்தியம் கிடையாது. மொத்தம் 25 மணி நேரம்!

வெளியிலிருந்து பார்த்தால் ‘ஒன்றுமே செய்யாத நாள்’. ஆனால் அந்த ஒன்றுமில்லாமைக்குப் பின்னால் எவ்வளவு ஓட்டம், எவ்வளவு ஏற்பாடு, எவ்வளவு கூத்து தெரியுமா? எங்கள் ஊரில் கோயில் உண்டு, சர்ச் உண்டு, மசூதி உண்டு. யூத ஜெப ஆலயம் இல்லை. அதனால் என்ன, சாவித் துவாரம் இருக்கிறதே! வாருங்கள், எட்டிப் பார்ப்போம்.

காலண்டர் ஆடும் கண்ணாமூச்சி

முதலில் ஒரு ஆச்சரியம். 2025இல் யோம் கிப்பூரின் பகல் அக்டோபர் 2. அன்றைக்கே விஜயதசமி. அன்றைக்கே காந்தி ஜெயந்தி. சரி, தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் 2024இலும் இரண்டும் ஒரே நாள், அக்டோபர் 12. 2022இலும் ஒரே நாள், அக்டோபர் 5!

ரகசியம் நிலாவில் இருக்கிறது. யூதர்களுக்கு திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாள்தான் யோம் கிப்பூர். மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறப்பதால் அது ஏறக்குறைய வளர்பிறைத் தசமி. நமக்கும் மகாளய அமாவாசை முடிந்து நவராத்திரி, பத்தாம் நாள் விஜயதசமி. நாம் கொலு வைக்கும் அன்றைக்கோ அதற்குச் சற்று முன் பின்னாகவோ அவர்கள் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். நாம் ஏடு தொடங்கும் அன்றைக்கு அவர்கள் கணக்கு முடிக்கிறார்கள்.

அப்படியானால் எல்லா வருடமும் சேர்ந்து வர வேண்டாமா? வராது. நிலாக் கணக்கைச் சூரியக் கணக்கோடு ஒட்ட வைக்க இரண்டு தரப்பும் அவ்வப்போது ஒரு மாதத்தைச் செருகுகின்றன. அவர்கள் 19 வருடத்துக்கு 7 முறை செருகுவார்கள். நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வரும். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் செருகாவிட்டால் பண்டிகை ஒரு மாதம் தள்ளிப்போகும். 2023இல் அப்படித்தான்: அவர்களுக்குச் செப்டம்பர் 25, நமக்கு அக்டோபர் 24. 2026இலும் அதே கதை.

இன்னொரு திரைமறைவுத் தந்திரமும் உண்டு. யோம் கிப்பூர் வெள்ளிக்கிழமையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வரவே வராது! வந்தால் சனிக்கிழமை ஓய்வுநாளோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு நாள் அடுப்பே மூட்ட முடியாமல் போகும். அதனால் காலண்டர் போட்ட பெரியவர்கள் முன்கூட்டியே நாளை நகர்த்தி வைத்துவிட்டார்கள். பசியைத் தாங்கலாம், பழைய சோற்றைத் தொடர்ந்து தாங்க முடியாது என்று தெரிந்த மனிதர்கள்!

கதவுக்கே திருவிழா

இந்தியாவில் யூதர் என்றால் கொச்சி மட்டாஞ்சேரிதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள். அவர்கள் சொல்லும் பிறப்புக் கதையைக் கேட்டால் தீவுக்காரர்களான எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். அலிபாகுக்குப் பக்கத்தில் நவ்காவ் கரையோரம் கப்பல் உடைகிறது. கரையேறியவர்கள் ஏழு ஆண்கள், ஏழு பெண்கள். புத்தகம் எல்லாம் கடலோடு போயிற்று. நினைவில் நின்றதை வைத்துக்கொண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். செக்கில் எண்ணெய் ஆட்டுவது தொழில். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் ஊரார் வைத்த பெயர் ‘ஷனிவார் தேலி’, சனிக்கிழமை வாணியர். பேச்சு மராத்தி. ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்த்தால் குடும்பப் பெயர்: கிஹிம் ஊர்க்காரர் கெஹிம்கர், பேண் ஊர்க்காரர் பேண்கர்.

18ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து ரஹபி என்ற யூதர் வந்து இவர்களைச் சோதித்தாராம். எப்படி? கூடையில் மீன்களைக் கலந்து கொடுத்தார். பெண்கள் செதிலும் துடுப்பும் உள்ள மீனை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதை ஒதுக்கினார்கள். யூத உணவு விதி அதுதான்! வம்சத்தை நிரூபிக்கப் பத்திரம் தேவைப்படவில்லை, மீன்கூடை போதுமாக இருந்தது.

இந்த மக்கள், வெளி யூதர்களோடு தொடர்பு வருவதற்கு முன்பே, யோம் கிப்பூரைக் கடைப்பிடித்தார்கள். எபிரேயப் பெயர் மறந்துவிட்டது. அதனால் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: ‘தார்ஃபல்ணிச்சா சண்’. தார் என்றால் கதவு, சண் என்றால் திருநாள். கதவு சாத்தும் திருநாள்! வெள்ளை உடுத்தி, கதவை மூடிக்கொண்டு, வெளியாட்களோடு பேச்சுவார்த்தை வைக்காமல் வீட்டுக்குள்ளேயே நோன்பிருப்பார்கள். பித்ருக்கள் அந்தச் சமயம் வீட்டுக்கு வந்து போவதாகவும் ஒரு நம்பிக்கை. நமக்கு மகாளயம், அவர்களுக்குக் கதவுத் திருநாள்.

கதவு இவர்களை விடவே இல்லை, கவனியுங்கள். மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் சிக்கி உயிர் பிழைத்து வந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்ற பெனே இஸ்ரேல் படைவீரர், நேர்ந்துகொண்டபடி 1796இல் மும்பையில் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டினார். பெயர் ‘ஷாஅர் ஹரஹமிம்’: கருணை வாசல். 1879இல் தானேயில் எழுந்ததற்குப் பெயர் ‘ஷாஅர் ஹஷமாயிம்’: வான வாசல். மும்பை மஸ்ஜித் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்ததே அந்தப் பழைய யூத ‘மசூதி’யால்தான் என்பார்கள். அடுத்த முறை அந்த வழியாக லோக்கல் ரயிலில் போனால் பக்கத்து சீட்காரரிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

சாத்துவதற்கு முன் தட்டு

இப்போது முதல் ரகசியம். கதவைச் சாத்துவதற்கு முன், ஊரார் கதவையெல்லாம் தட்டிவிட்டு வர வேண்டும்.

யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதைப் பட்டென்று சொல்லிவிடுகிறது. கடவுளுக்குச் செய்த தப்பை யோம் கிப்பூர் தீர்க்கும். மனிதனுக்குச் செய்த தப்பைத் தீர்க்காது, அந்த மனிதனைப் போய்ச் சமாதானப்படுத்தும் வரை. எவ்வளவு அழுதாலும், எவ்வளவு பட்டினி கிடந்தாலும், கொழுந்தியாளைத் திட்டியது அப்படியேதான் இருக்கும். கடவுள் அந்தக் கோப்பைக் கையால் தொட மாட்டார்!

அதனால் புத்தாண்டிலிருந்து யோம் கிப்பூர் வரையிலான பத்து நாளும் மன்னிப்புச் சீசன். போன் மேல் போன். ‘தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால்...’ என்று வாட்ஸ்அப்பில் மொத்தமாக அனுப்பித் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் விதி கறார். நேரில் கேள். அவர் மசியவில்லையா, இன்னொரு முறை போய்க் கேள். அப்போதும் இல்லையா, மூன்றாம் முறை கேள். மூன்று முறை கேட்டும் மன்னிக்காவிட்டால் உன் கடமை முடிந்தது.

அடுத்து, நமக்கு மிகவும் பழகிய ஒரு காட்சி. ‘கப்பரோத்’ என்ற சடங்கில் சிலர் கோழியைத் தலைக்கு மேல் மூன்று சுற்று சுற்றுவார்கள். என் பாவம் இதோடு போகட்டும் என்று! பிறகு கோழி அறுபடும். இறைச்சியோ அதன் விலையோ ஏழைகளுக்குப் போகும். திருஷ்டி சுற்றிப் போட்ட பாட்டியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் ‘அப்படியில்லடா, வலமிருந்து சுத்து’ என்று திருத்தியிருப்பாள். 16ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் யோசேப் காரோவே இதெல்லாம் வேண்டாம் என்று எழுதிப் பார்த்தார். மக்கள் கேட்டால்தானே! இன்று பலர் கோழிக்குப் பதில் பணத்தைச் சுற்றித் தர்மம் செய்துவிடுகிறார்கள். கோழிகள் சார்பில் வரவேற்கிறோம்.

சமையலறையிலும் பரபரப்பு. கடைசிச் சாப்பாடு சூரியன் மறைவதற்கு முன் முடிய வேண்டும். உப்பும் காரமும் கம்மி, தண்ணீர் தாராளம். காப்பிப் பிரியர்கள் ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால் நோன்பன்று பாவத்தைவிடத் தலைவலிதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஸ்பேர் ஆசாரியர், ஸ்பேர் மனைவி

அசல் மேடை எருசலேம் ஆலயம். கி.பி. 70இல் ரோமானியர்கள் அதை இடித்துவிட்டார்கள். ஆனால் அங்கே யோம் கிப்பூர் எப்படி நடந்தது என்ற திரைமறைவுக் குறிப்புகள் மிஷ்னாவின் ‘யோமா’ பகுதியில் அப்படியே இருக்கின்றன. சினிமா ஷூட்டிங் டைரி தோற்றுவிடும்!

அன்றைக்கு ஒரே கதாநாயகன், பிரதான ஆசாரியர். ஏழு நாளுக்கு முன்பே அவரை வீட்டிலிருந்து பிரித்து ஆலயத்து அறைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஸ்பேராக இன்னொரு ஆசாரியர் தயார். அவர் மனைவி இறந்துவிட்டால்? சட்டப்படி அவர் திருமணமானவராக இருக்க வேண்டுமே! அதனால் ஒரு ஸ்பேர் மனைவியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார் ரபி யெகூதா. மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்: அவளும் இறந்துவிட்டால் என்று போனால் இதற்கு முடிவே இல்லையப்பா!

முந்தின நாள் காலை, கிழக்கு வாசலில் அவரை நிறுத்தி, காளைகளையும் ஆட்டுக்கடாக்களையும் எதிரே ஓட்டிப் பழக்கப்படுத்துவார்கள். ரிகர்சல்! ராத்திரி வயிறு முட்டச் சாப்பாடு கிடையாது. சாப்பிட்டால் தூக்கம் வரும். தூங்கவே கூடாது. வேதம் வாசித்துக் காட்டுவார்கள். கண் சொருகினால் இளம் ஆசாரியர்கள் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்குவார்கள். எழுந்து குளிர்ந்த கல்தரையில் நில்லுங்கள் சுவாமி என்பார்கள். சிவராத்திரிக்குக் கண் விழிக்க நமக்கு இரண்டு சினிமா, வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் இருக்கிறது. பாவம், அவருக்கு விரல் சொடுக்கு மட்டும்தான்.

விடிந்ததும் ஐந்து முழுக்கு, பத்து முறை கைகால் கழுவல், பொன்னுடைக்கும் வெள்ளுடைக்கும் மாறி மாறி வேஷ மாற்றம். இங்கேதான் நான் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தேன். வெள்ளுடைக்குத் துணி எங்கிருந்து? காலையில் உடுத்துவது எகிப்தின் பெலூசியம் ஊரின் மெல்லிய துணி. பிற்பகலில் உடுத்துவது ‘ஹிந்துயின்’. இந்தியத் துணி! உலகத்து யூதர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் நாளில், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும் மனிதரின் உடம்பில் நம் ஊர்த் துணி!

விலைப்பட்டியலும் உண்டு. ரபி மேயிர் கணக்கில் காலைத் துணி 1,200 சூஸ் காசு, இந்தியத் துணி 800 சூஸ். கொஞ்சம் குறைவுதான், மனம் கோண வேண்டாம். கையில் 200 சூஸ் இருப்பவன் ஏழை இல்லை, தர்மம் வாங்கக் கூடாது என்று அதே மிஷ்னா சொல்கிறது. அதாவது ஒரு குடும்பத்தின் கௌரவத்தைப் போல நான்கு மடங்கு விலைத் துணி, ஒரே பிற்பகலுக்கு. எந்த ஊர் நெசவு? மிஷ்னா சொல்லவில்லை. ஆனால் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளஸ்’ நூல் ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணி கப்பலேறுவதைச் சொல்கிறது. அர்கரு என்பது உறையூர் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கனவு காண நமக்கு அது போதாதா?

பிறகு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டு எடுப்பார். ஒன்று கடவுளுக்குப் பலி. இன்னொன்றின் தலையில் கைவைத்து ஊர்ப் பாவம் முழுவதையும் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த ஆட்டுக்குத் தமிழ் பைபிளில் அருமையான பெயர்: போக்காடு. பாவத்தைப் போக்கும் ஆடு. போக்கிவிடப்படும் ஆடும் அதுதான். கூட்டிப்போகும் ஆளுக்கு வழியெல்லாம் பத்துப் பந்தல்கள். ஒவ்வொரு பந்தலிலும் ‘இதோ சோறு, இதோ தண்ணீர்’ என்பார்கள். அவருக்கு நோன்பை முறிக்க அனுமதி உண்டு. ஆனால் யாரும் ஒருபோதும் முறித்ததில்லையாம். சோறு இருக்கிறது என்ற நினைப்பே பாதிப் பசியைத் தீர்த்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எண்ணாமல் எண்ணு

ஆலயம் போயிற்று, ஆடு போயிற்று. இன்று மிச்சம் இருப்பது மனிதர்களும் பிரார்த்தனையும்தான். ஆனால் மனிதர்கள் போதுமான அளவுக்கு வேண்டுமே! மரபுப்படி கூட்டுப் பிரார்த்தனைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ‘மின்யான்’ என்று பெயர். இந்தியாவின் சின்னச் சின்ன ஜெப ஆலயங்களில் யோம் கிப்பூரின் நிஜமான சஸ்பென்ஸ் இதுதான்: பத்தாவது ஆள் வருவாரா? 1568இல் எழுந்த மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில், உள்ளூர் யூதர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தபின், வெளியூரிலிருந்து வந்தவர்களையும் சேர்த்துத்தான் பத்து தேறும். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களிலிருந்தே இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

அதுவும் தலையை எண்ணக் கூடாது! ஒன்று, இரண்டு என்று மனிதர்களை எண்ணுவது ஆகாது. அப்புறம் எப்படிப் பத்து தெரியும்? வேதத்தின் சங்கீதப் பகுதியிலிருந்து பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு சொல்லாக முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். வசனம் முடிந்தால் கூட்டம் சேர்ந்தது. நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கும் நம் தாத்தாக்கள் இதைக் கேட்டால் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்திருப்பார்கள்.

சென்னைக்கும் இந்த யூதக் கதையில் பங்கு உண்டு. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மன்கள் 12 பேரில் 3 பேர் யூத வணிகர்கள். பவழத்தைக் கொண்டுவந்து வைரத்தை வாங்கிப்போனார்கள். அவர்கள் நினைவைச் சுமப்பது ஜார்ஜ் டவுன் பவழக்காரத் தெரு. இன்று அங்கே மின்யானும் இல்லை, சாத்தக் கதவும் இல்லை. ராயப்பேட்டைப் பக்கம் லாயிட்ஸ் சாலையில் சின்னதாக ஒரு கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது.

மாலை மங்கும்முன் ‘கோல் நித்ரே’. பிரார்த்தனை என்று நினைக்காதீர்கள், அது ஒரு கோர்ட் சீன்! தோரா என்னும் வேதச் சுருள்களை ஏந்திய இருவர் பாடகரின் இருபுறமும் நிற்க, மூவரும் ஒரு நீதிமன்றம் போல ஆகிவிடுவார்கள். அரமேய மொழியில், மூன்று முறை, கடவுளிடம் அவசரப்பட்டுக் கொடுத்து நிறைவேற்ற முடியாமல் போன வாக்குறுதிகள் ரத்து. ‘பாஸானால் மொட்டை போடுகிறேன்’ வகையறா! பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய கைமாற்றுக்கு இது பொருந்தாது, ஆசைப்பட வேண்டாம்.

கூட்டம் முழுக்க வெள்ளை. காலில்? தோல் செருப்பு தடை என்பதால் உலகெங்கும் வெள்ளை அங்கிக்குக் கீழே கான்வாஸ் ஷூ, ரப்பர் செருப்பு! ஆடம்பர உடைக்குக் குளியலறைச் செருப்பு போட்டதுபோல் இருக்கும். கொச்சியில் மட்டும் இந்தச் சங்கடம் இல்லை. கேரளப் பழக்கம் ஒட்டிக்கொண்டு, அங்கே எப்போதுமே வெறுங்கால்தான். நீலப் பூவேலை செய்த சீன ஓடுகள் பதித்த அந்தத் தரையில் செருப்போடு நடக்க யாருக்குத்தான் மனம் வரும்?

அகரவரிசையில் பாவம்

மறுநாள் முழுக்கப் பிரார்த்தனை. நடுநடுவே பாவ அறிக்கை, நோன்பு முடிவதற்குள் பத்து முறை. ஒவ்வொரு பாவத்துக்கும் முஷ்டியால் நெஞ்சில் ஒரு தட்டு. நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வோம், அவர்கள் நெஞ்சில் போட்டுக்கொள்கிறார்கள்.

பட்டியல் எப்படி வரிசைப்பட்டிருக்கிறது தெரியுமா? எபிரேய அகரவரிசையில்! ஔவையார் ஆத்திசூடியில் செய்ய வேண்டியதை அகரவரிசையில் அடுக்கினார். இவர்கள் செய்யக்கூடாததைச் செய்துவிட்டு அதை அகரவரிசையில் அடுக்குகிறார்கள். எழுத்து தீர்ந்தால்தான் பட்டியல் தீரும்.

அதில் ஒரு நுட்பம் எனக்குப் பிடித்தது. ‘நான் செய்தேன்’ என்று எங்கும் வராது, எல்லாம் பன்மை. எபிரேயத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு இல்லை. தமிழில் சொல்வதானால் ‘நாங்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘நாம்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கும் கடவுளும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவாரே! திருடாதவனும் ‘திருடினோம்’ என்கிறான், பொய் சொல்லாதவளும் ‘பொய் சொன்னோம்’ என்கிறாள். பக்கத்தில் இருப்பவன் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஊர்ப்பாவத்தை ஒரு ஆட்டின் தலையில் கட்டிய காலம் போய், ஊரே பகிர்ந்துகொள்ளும் காலம்.

மூன்று மணிக்கு மேல்

காலையில் கம்பீரம். மதியம் சமாளிப்பு. மூன்று மணிக்கு மேல்தான் வேடிக்கை. நாக்கு ஒட்டும், கால் கெஞ்சும், பாடகரின் குரல் கரகரக்கும். பின்வரிசையில் பையன்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். அப்போது கைகள் பைக்குள் போகும். வெளியே வருவது எலுமிச்சை அல்லது சீமை மாதுளை. அதன்மேல் முள்ளம்பன்றி மாதிரிக் கிராம்பு குத்தியிருக்கும்! சாப்பிடக் கூடாது, மோந்து பார்க்கலாம். சட்டத்தில் மூக்குக்குத் தடை இல்லையே. சில ஊர்களில் பன்னீர் தெளித்துக் கூட்டத்தை எழுப்புவார்கள். எங்கள் அந்தமான் தோட்டங்களில் கிராம்பும் ஜாதிக்காயும் நன்றாக விளையும். ஒரு பொட்டலம் கட்டி அனுப்பிவிடலாமா என்று கை பரபரக்கிறது.

அந்த நேரத்துக்கென்றே ஒரு கதை வாசிக்கிறார்கள்: யோனா. கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் எதிர்த்திசையில் கப்பலேறி, புயலில் சிக்கி, கடலில் எறியப்பட்டு, பெரிய மீனின் வயிற்றில் மூன்று நாள் கிடந்த மனிதர். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்த எங்கள் பெரியவர்களுக்கு இது வேதக் கதையே இல்லை, பயணக் குறிப்பு.

இஸ்ரேலில் அதே நேரம் என்ன? விமானம் இல்லை, டிவி இல்லை, சாலையில் கார் இல்லை. நெடுஞ்சாலை முழுக்கச் சைக்கிள் விடும் பிள்ளைகள்! பெரியவர்கள் உள்ளே பாவத்தை எண்ண, பிள்ளைகள் வெளியே எட்டு வழிச்சாலையில் பறக்கிறார்கள்.

சொர்க்கவாசல் சாத்தும் நேரம்

கடைசிப் பிரார்த்தனைக்குப் பெயர் ‘நெயிலா’. பொருள்: வாசல் பூட்டுதல். பார்த்தீர்களா! எபிரேயத்தை மறந்துபோன பெனே இஸ்ரேல் பாட்டிகள் மராத்தியில் வைத்த பெயரும் கதவு, மறக்காதவர்கள் வைத்திருந்த பெயரும் கதவு.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் விடியுமுன் சொர்க்கவாசல் திறக்கும். கூட்டம் முண்டியடித்து நுழையும். இங்கே தலைகீழ். நாள் முழுக்கத் திறந்திருந்த வான வாசல், பொழுது சாய்கையில் மெல்ல மூடுகிறது. காலையில் தூங்கி வழிந்தவருக்குக்கூட இப்போது எங்கிருந்தோ குரல் வந்துவிடும். வேதச் சுருள்கள் இருக்கும் பேழையின் கதவு திறந்தே இருக்க, பலர் உட்கார மறுத்து நின்றே முடிப்பார்கள். கடைசியில் ஆட்டுக்கடாக் கொம்பை எடுத்து ஒரே மூச்சில் நீண்ட ஊதல். முடிந்தது!

அடுத்த நொடியில் பக்தி சமையலறைப் பக்கம் திரும்பிவிடும். பல பெனே இஸ்ரேல் வீடுகளில் நோன்பு முறிக்க ரவையும் தேங்காயும் அடைத்த இனிப்புப் பூரி காத்திருக்கும். நம் சோமாஸுக்குச் சித்தி மகள். புத்தாண்டுக்கு அவர்கள் கிண்டும் ‘சிக்’ அல்வாவோ, கோதுமைப் பாலும் தேங்காய்ப் பாலும் சேர்ந்தது. திருநெல்வேலிக்காரர் ஒரு விரலில் தொட்டு நக்கிவிட்டு ‘நம்ம பயதான்’ என்பார். நோன்புக்கு மறுநாள் ‘ஷிலா சண்’. சாத்திய கதவைத் திறந்துவைத்து, ஏழைகளுக்குத் தர்மம் கொடுத்து, உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் நாள்.

ஒரு மணி நேரம் பாக்கி

அக்டோபர் 2. விஜயதசமி. புரோத்ராபூரில் மறுபடியும் ஐந்தேகால், மறுபடியும் இருட்டு. இதையெல்லாம் படித்துப் படித்து எனக்கு உள்ளே ஏதோ முள் குத்திக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் கதை இதுதான். கோடையில் எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான். ஒரு முறை எங்கள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா லைனில் மோட்டார் போட்டு இழுக்கிறார் என்று தெருவில் நின்று சத்தம் போட்டேன். நான் ஆரம்பித்தேன், தெருவே சேர்ந்துகொண்டது. நாலாம் நாள், தெருமுனையிலிருந்த வால்வில் அடைப்பு என்று தெரிந்தது. அடைப்பை எடுத்தார்கள், தண்ணீர் வந்தது. அக்காவிடம் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

எங்களுக்குச் சூரியன் மறைந்தாலும் மும்பையில் மறைய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் யூதனும் இல்லை, நோன்பும் இல்லை. மதியம் சுண்டலை ஒரு கை பார்த்தவன். ஆனாலும் எங்கேயோ ஒரு வாசல் இன்னும் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

அக்கா திறந்தார். கையில் பைபிள், மூக்கில் கண்ணாடி.

“என்ன தம்பி?”

“அந்தத் தண்ணி விஷயம், அக்கா. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெருவே கூடி எல்லாத்தையும் என் தலையில கட்டினீங்களே. நான் என்ன உங்க தெருவுக்குப் போக்காடா?”

தூக்கிவாரிப் போட்டது. நான் நாள் கணக்காகப் படித்துத் தெரிந்துகொண்ட வார்த்தை! என்ன சொல்வதென்று தெரியாமல், படித்ததையே உளறினேன்: “மூணு தடவை வந்து கேட்கணுமாம், அக்கா. யூதருங்க சட்டம். இது முதல் தடவை.”

“அப்படியா?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. “அப்போ இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. நாளைக்கு வா.”

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

விழவில்லை.